மேசியாக் கொள்கை ஆராய்ச்சி

ஆபிரகாமின் வழிவந்தனவாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் யூதம், கிறித்தவம், இஸ்லாம் என்னும் மூன்று சமயங்களும் மேசியா என்னும் ஒரு பெயரைப் பொதுவில் வழங்குகின்றன. அதுபற்றி, இம்மூன்று சமயத்தாரும் எதிர்நோக்கி யிருப்பது ஒருவரையே என்றும், அவர்க்குள் நிகழும் பிணக்கெல்லாம் பெயரளவில் நிகழ்வனவே என்றும் சமரசம் பேசுவார் சிலர் கூறுவர். வேறு சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, மேசியா என்பதும் அவதாரம் என்பதும் ஒருபொருட் கிளவிகளே எனத் துணிந்துரைப்பர். இவ்விரு கூற்றும் செவிக்கு இனியவாய்த் தோன்றினும் உண்மையொடு பொருந்துவன அல்ல. பொருந்தாமை மட்டுமன்று, அச்சமயத்தார் எதன்பொருட்டு உயிரையும் கொடுத்தனரோ அதனையே இல்லையாக்கும் குற்றமும் அவற்றிற்கு உண்டு.

பிறர் மதத்தை ஆராயப் புகுவார், அம்மதத்தார் தம் கொள்கையை எவ்வாறு கூறுவரோ அவ்வாறே அதனை முதற்கண் எடுத்து நிறுவி, அதன் பின்னரே குணங்குற்றம் நாடுதல் முறை. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் பிற மதத்தார் ஒவ்வொருவர் கூற்றையும் முன்னர் நிறுத்திப் பின்னர் மறுத்துச் சென்றமை கற்றோர் அறிந்ததே. அம்முறை பற்றி இக்கொள்கை ஈண்டு ஆராயப்படும்.

சொல்லாராய்ச்சி

மேசியா என்பது 'மாஷியாக்' என்னும் எபிரேயச் சொல்லின் திரிபு. எண்ணெய் பூசப்பெற்றவர் என்பது அதன் பொருள். பண்டை இஸ்ரவேலருள் அரசரும் தலைமைக் குருவும் தத்தம் பதவிக்கு உரியராக்கப்படுங்கால் அவர் தலையில் எண்ணெய் வார்த்தல் வழக்கம். ஆகலின், திருமுழுக்குப் பெற்றவர் என இதனைத் தமிழிற் கூறலாம். இச்சொல்லைக் கிரேக்கர் 'கிறிஸ்தோஸ்' என மொழிபெயர்த்தனர். கிறிஸ்து என்பது அதனின்று வந்தது. அரபு மொழியில் அது 'மஸீஹ்' என நின்றது.

எபிரேய வேதத்துள் இச்சொல் முதற்கண் வருங்காலத்து மீட்பர் ஒருவரைக் குறித்ததன்று, பதவியிலிருப்பாரையே குறித்தது. ஆரோன் குருவாதற்கும், சவுலும் தாவீதும் அரசராதற்கும் எண்ணெய் வார்க்கப் பெற்றனர். சவுல் தன்னைக் கொல்லத் தேடிய காலத்தும், கடவுளால் திருமுழுக்குப் பெற்றவன்மேற் கை நீட்டலாகாதென்று தாவீது விலகினான் என்பது சாமுவேல் ஆகமத்துள் வருஞ் செய்தி. ஏசாயா ஆகமத்தின் 45-ஆம் அதிகாரமோ பாரசீக அரசனாகிய கோரேசு என்பானையே இப்பெயராற் கூறுகின்றது. அவன் இஸ்ரவேலன் அல்லன், கி.மு. 539-இல் பாபிலோனை வென்று, ஆங்குச் சிறைப்பட்டிருந்த யூதர் தம் நாடு திரும்ப இசைந்தமையால் அப்பெயர் பெற்றான். எனவே, இச்சொல் தொடக்கத்தில் ஒரு தொழிலுக்குக் கடவுளால் அமர்த்தப்பட்ட மனிதனைக் குறித்ததேயன்றித் தெய்வத்தன்மையைக் குறித்ததன்று என்பது தெளிவு.

யூதர் கொள்கை

தாவீதின் அரியணை என்றும் நிலைபெறும் என்று இறைவாக்கினராகிய நாத்தான் கூறியதாகச் சாமுவேல் ஆகமம் கூறும். ஆனால் கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்துக் கோயிலையும் எரித்தனர். தாவீதின் அரசமரபு அவ்வளவில் ஒழிந்தது. வாக்கோ பொய்யாகாது, கண்கூடோ வேறாயிருந்தது. இவ்விரண்டற்கும் இடையே நின்ற மக்கள், அவ்வாக்கு இனி நிறைவுறும் எனக் கொண்டனர். மேசியாக் கொள்கையின் வித்து இதுவே.

கி.மு. 63-இல் பொம்பேயு என்னும் உரோமைத் தலைவன் எருசலேமுட் புகுந்தபின் இவ்வெதிர்பார்ப்பு முறுகி வளர்ந்தது. அக்காலத்தும் அது ஒரு வடிவினதாக இருந்ததன்று. சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் 1947 முதலாகக் கண்டெடுக்கப்பட்ட சுவடிகளுள் ஒன்று, ஆரோன் வழியில் ஒருவரும் இஸ்ரவேல் வழியில் ஒருவருமாக இரு மேசியாக்களைக் கூறுகின்றது. குருத்துவமும் அரசும் தனித்தனி மீட்கப்பட வேண்டும் என்பது அக்கூட்டத்தார் கருத்துப் போலும்.

கி.பி. 70-இல் உரோமையர் இரண்டாங் கோயிலை அழித்தனர். கி.பி. 132-இல் சிமியோன் என்பான் தலைமையில் யூதர் மீண்டும் எழுந்தனர். அக்காலத்துப் பேராசிரியராகிய ரபி அக்கீபா, யாக்கோபினின்று ஒரு விண்மீன் உதிக்கும் என்னும் வேதவாக்கை அவன்மேல் ஏற்றி, அவனே மேசியா எனச் சாற்றினார். அதனால் விண்மீன் மகன் எனப் பொருள்படும் பார் கோக்பா என்னும் பெயர் அவற்கு வழங்கிற்று. அக்கீபாவின் கூற்றை அப்பொழுதே மறுத்துரைத்த ரபி ஒருவரும் இருந்தார் என எருசலேம் தல்மூது கூறும். இஸ்ரவேலின் மீட்பு ஆண்டு ஒன்று எனப் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. கி.பி. 135-இல் பேத்தார் என்னும் அரண் வீழ, எழுச்சி முடிந்தது. போரில் மடிந்தோர் 580000 பேர் என உரோமை வரலாற்றாசிரியராகிய தியோ காசியு எழுதினர். எருசலேம் வேற்றுத் தெய்வக் கோயிலையுடைய உரோமை நகராக்கப்பட்டு ஏலியா காப்பித்தோலினா எனப் பெயர் மாறிற்று. யூதர் அதனுட் புகுதலும் விலக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யூதேயப் பாலைவனக் குகைகளில் அச்சிமியோனின் முடங்கல்கள் கிடைத்தன. அவற்றுள் அவன் தன்னை மேசியா என்று கூறிற்றிலன். இஸ்ரவேலின் தலைவன் என்றே கூறுகின்றான். ஒரு முடங்கல் கூடாரத் திருநாள் வழிபாட்டிற்குக் குருத்தோலையும் நாரத்தை போன்ற கனியும் அனுப்புமாறு பணிக்கின்றது. அவன் உண்மைப் பெயர் பார் கோசிபா என்பதும் அவற்றால் விளங்கிற்று. தோல்விக்குப் பின்னர் அப்பெயரைச் சிறிது திரித்துப் பொய்யின் மகன் எனப் பிற்காலத்தார் வழங்கினர். முன்னர் விண்மீன் ஆக்கியதும் பின்னர்ப் பொய் ஆக்கியதும் பிறர் வாய்ச்சொற்களே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவ்வழிவின் பின்னர் ரபிகள் இக்கொள்கையைக் கைவிட்டாரல்லர். ஆயின் அதற்கு வேலி கோலினர். முடிவு காலத்தைக் கணக்கிடுவாரைத் தல்மூது சபிக்கின்றது. மரக்கன்றைக் கையிற் பிடித்திருக்கையில் மேசியா வந்துவிட்டார் எனக் கேட்பின், முதலிற் கன்றை நட்டுவிட்டுப் பின்னர் அவரை எதிர்கொள்ளச் செல்க என்னும் கருத்தினதாக ஓர் அறிவுரை யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர் பேரால் வழங்குகின்றது.

இவ்வேலியை நூன்முறையான் நிறுவினவர் மைமோனிதேசு (1138–1204). மேசியா தாவீதின் குலத்து அரசர், மனிதர், அற்புதஞ் செய்து காட்டல் வேண்டா, வேதத்தை நிலைநிறுத்திப் போர்களில் வெல்வாராயின் மேசியாவாகலாம் எனக் கருதப்படுவர், கோயிலை மீளக் கட்டிச் சிதறிய இஸ்ரவேலரை ஒருங்கு சேர்த்தபின் ஐயமின்றி மேசியாவே எனத் துணியப்படுவர், இடையிற் கொல்லப்படின் அவர் வாக்களிக்கப்பட்டவர் அல்லர், ஏனைத் தாவீதின் குலத்து நல்லரசர் போல்வாரே என்பது அவர் துணிபு. அற்புதம் வேண்டா என்பதற்கு அக்கீபா பார் கோக்பாவிடம் அடையாளம் ஒன்றும் கேளாமையையே அவர் சான்றாக எடுத்துக்காட்டினர்.

கிறித்தவர் கொள்கை

யூதர்க்குத் தடையாக நின்ற அதுவே கிறித்தவர்க்கு அடித்தளமாயிற்று. இயேசு, பொந்தியு பிலாத்து என்னும் உரோமை ஆளுநன் காலத்தில், கி.பி. 30-ஐ ஒட்டிச் சிலுவையில் அறையப்பட்டனர். கொல்லப்பட்டவர் மேசியா அல்லர் என்பது யூதர் வழக்கு. கொல்லப்பட்டு உயிர்த்தெழுந்தமையாலேயே அவர் மேசியா என்பது கிறித்தவர் வழக்கு. இவ்வேற்றுமைக்குக் காரணம், நீக்கப்பட வேண்டிய கட்டு யாது என்பதில் இருவரும் வேறுபட்டமையே. யூதர்க்குக் கட்டாவது அன்னியர் ஆட்சியும் நாடிழந்த சிதறலும். அவற்றோடு வேதம் கைக்கொள்ளப்படாமையுமாம். கிறித்தவர்க்குக் கட்டாவது பாவமும் அதன் பயனாகிய சாவும். உரோமையினின்று விடுவிக்க வந்தவர் உரோமையராற் கொல்லப்படின் அது தோல்வி. பாவத்தினின்று விடுவிக்க வந்தவர் பிறர் பாவத்தைத் தாம் ஏற்று இறப்பின் அது வெற்றி எனக் கொள்ளப்பட்டது.

இதற்கு அவர் காட்டும் ஆதாரங்களுட் தலையாயது ஏசாயா ஆகமத்தின் 53-ஆம் அதிகாரம். பிறர் குற்றத்தைச் சுமந்து துன்புறும் ஊழியர் ஒருவர் அதனுட் கூறப்படுகின்றார். அவ்வூழியர் இயேசுவே என்பர் கிறித்தவர். அவ்வூழியர் ஒரு தனி மனிதர் அல்லர், வேற்று மக்களிடைத் துன்புறும் இஸ்ரவேல் குலமே என்பர் ராஷி (1040–1105) முதலாய யூத உரையாசிரியர்.

மேசியாவின் இயல்பிலும் கிறித்தவர் வேறுபட்டனர். கி.பி. 325-இல் நிசேயாவிற் கூடிய அவை, மகன் தந்தையோடு ஒரே பொருளினர் என வரையறுத்தது. கி.பி. 451-இல் கல்செதோன் அவை, ஒருவரே முழுக் கடவுளும் முழு மனிதருமாக இரண்டியல்பும் கலவாமலும் பிரியாமலும் உடையர் என முடிபு கூறிற்று. திருமுழுக்குப் பெற்ற அரசனைக் குறித்த சொல் இவ்வாறு கடவுளே மனிதரானமையைக் குறிக்கும் பெயராக உயர்ந்தது.

எனினும் வாள்கள் ஏர்க்கொழுக்கள் ஆயினவல்ல. உலகில் துன்பமும் ஒழிந்ததில்லை. வந்துவிட்டார் எனின் உலகம் ஏன் மாறவில்லை என்பது யூதர் என்றும் வினவும் வினா. அதற்குக் கிறித்தவர் விடை இரண்டாம் வருகை என்பது. முதல் வருகையில் வித்திடப்பட்டது இரண்டாம் வருகையில் விளையும் என அவர் கூறுவர். ஆகவே, வந்தவரையே மீளவும் எதிர்நோக்கும் நிலை அவர்க்கு உரியதாயிற்று. அந்நாளையும் நாழிகையையும் தந்தையன்றி ஒருவரும் அறியார் என்று இயேசு கூறியதாக மாற்கு நற்செய்தி கூறும். அகுஸ்தீன் (354–430) என்னும் பேராசிரியர், திருவெளிப்பாட்டிற் கூறிய ஆயிரம் ஆண்டு ஆட்சியைத் திருச்சபையின் காலமாகவே கொண்டு, நாட்கணக்கிடும் வழியை அடைக்க முயன்றனர். அடைத்த வழியும் அடைபட்டே இருந்ததில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வில்லியம் மில்லர் என்பார் தானியேல் ஆகமத்தைக் கொண்டு தொடங்கிய கணக்கு, 1844 அக்டோபர் 22 என்னும் நாளில் வந்து நின்றது. பல்லாயிரவர் அந்நாளில் வானத்தை நோக்கியிருந்தனர். மறுநாளும் ஏனை நாள்போலவே விடிந்தது. அது பெரும் ஏமாற்றம் என்னும் பெயரால் இன்றும் குறிக்கப்படுகின்றது.

இஸ்லாமியர் கொள்கை

திருக்குர்ஆன் மர்யமின் மகனாகிய ஈசா நபியை மஸீஹ் என்னும் பெயராற் பதினோரிடத்துக் கூறுகின்றது. கன்னியிடத்துப் பிறந்தமையும், இறைவன் இசைவால் அற்புதங்கள் நிகழ்த்தியமையும் அதனுள் உடன்படப்படுகின்றன. ஆயினும் அவர் இறைவனுடைய அடியாரும் தூதருமேயன்றி இறைவன் அல்லர். இறைவனுக்கு மகனும் அல்லர். அவர் கொல்லப்பட்டதும் சிலுவையில் அறையப்பட்டதும் இல்லை, இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது அந்நூற் கருத்து. எனவே கிறித்தவர் கொண்ட பெயரை இஸ்லாம் ஏற்றது. அப்பெயருக்கு அவர் கொண்ட இறைமையையும் சிலுவைச் சாவையும் விலக்கியது.

ஈசா நபி இறுதிக் காலத்தில் இறங்கி வந்து, பொய் மஸீஹ் ஆகிய தஜ்ஜாலைக் கொன்று, நீதி செலுத்திப் பின்னர் ஏனை மனிதர்போல இறப்பர் என்பது ஹதீஸ் நூல்களால் வருஞ் செய்தி. முகம்மது நபியே இறுதித் தூதர் ஆதலின், ஈசா நபி புதிய நெறியொன்றும் கொணரார். முகம்மது நபியின் நெறியையே தாமும் மேற்கொள்வர் என்பர்.

இவரின் வேறாக மஹ்தீ என்னும் ஒருவரும் எதிர்பார்க்கப்படுகின்றார். நேர்வழி செலுத்தப்பட்டவர் என்பது அப்பெயரின் பொருள். அவர் நபியின் குடும்பத்தினர். அநீதியால் நிறைந்த உலகை நீதியால் நிறைப்பவர். அப்பெயர் திருக்குர்ஆனில் இல்லை. அபூதாவூது, திர்மிதீ, இப்னு மாஜா என்பார் தொகுப்புகளில் அவரைப்பற்றிய ஹதீஸ்கள் உள்ளன. மஹ்தீ என்பார் ஈசாவேயன்றி வேறில்லை என்னும் கருத்தினதாகிய ஒரு செய்தியும் இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளமை நோக்கத்தக்கது.

ஷீயாக்களுட் பன்னிரு இமாம் கொள்கையினர்க்கு மஹ்தீ இனிப் பிறப்பவர் அல்லர். முன்னரே பிறந்து மறைந்துறைபவர். பதினோராம் இமாமாகிய ஹஸன் அல் அஸ்கரீ கி.பி. 874-இல் ஸாமர்ரா நகரில் இறந்தனர். அவர் மகனாகிய பன்னிரண்டாம் இமாம் மறைவுற்று, நால்வர் பிரதிநிதிகள் வாயிலாகத் தம்மைப் பின்பற்றினோர்க்கு ஆணை தந்தனர் என்றும், 941-இல் அந்நால்வருள் இறுதியானவர் இறந்தபின் பெருமறைவு தொடங்கிற்று என்றும் அவர் கூறுவர். ஆகவே அவர்க்கு மீட்பர் உளர், காணப்படார்.

ஸுன்னீ மரபில் தோன்றிய இப்னு கல்தூன் (1332–1406), தம் வரலாற்று முன்னுரையில், மஹ்தீயைப் பற்றிய ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றைச் சொல்லிவந்தோர் நம்பகமுடையரோ என ஆராய்ந்து, குற்றமின்றி நிற்பன மிகச் சிலவே என முடித்தனர். அன்றியும், குலப்பிணிப்பின் வலியின்றி ஒருவர் தம் பெயரளவால் அரசு நிறுவுதல் உலகியற்கு ஒவ்வாது எனவும் காட்டினர். இவ்வெச்சரிக்கையும் எல்லாராலும் கேட்கப்பட்டதில்லை. 1881-இல் சூடான் நாட்டில் முகம்மது அகமது என்பார் தம்மை மஹ்தீ எனச் சாற்றி, 1885 சனவரி 26-இல் கார்ட்டூமைக் கைப்பற்றினர். அவ்வாண்டு சூன் திங்களிலேயே அவர் இறந்தனர். அவர் நிறுவிய அரசு 1898 செப்டம்பர் 2-இல் ஒம்துர்மான் போரில் ஆங்கில எகிப்தியப் படையால் முறிந்தது. 1979 நவம்பர் 20-இல் ஒரு கூட்டத்தார் மக்காப் பெரும் பள்ளிவாயிலைப் படைக்கலத்தோடு புகுந்து கைக்கொண்டு, தம்முள் ஒருவரை மஹ்தீ எனக் கூறி வழிபட வந்தோரை அழைத்தனர். இரண்டு வாரம் நிகழ்ந்த போரில் அவர் மஹ்தீ எனக் கொண்டவரும் மாண்டார்.

ஒப்பும் வேற்றுமையும்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால், மூவர்க்கும் பொதுவாய் நிற்பன சில உள. காலம் ஒரு முடிவை நோக்கிச் செல்கின்றது என்பதும், உலகத்து நீதியின்மை என்றும் நில்லாது என்பதும், அதனைத் தீர்ப்பதற்கு இறைவன் ஒருவரை அமர்த்துவன் என்பதும் அவை. இவ்வளவே பொது.

சிறப்பினை நோக்கின், மேசியா யார் என்னும் வினாவிற்குத் தாவீதின் குலத்து மனித அரசர் என்பர் யூதர். மனிதரான கடவுள் என்பர் கிறித்தவர். இறைவனின் தூதர் என்பர் இஸ்லாமியர். வந்தாரா என்னும் வினாவிற்கு இல்லை என்பர் யூதர். வந்தார், மீளவும் வருவர் என்பர் கிறித்தவர். வந்தார், கொல்லப்பட்டிலர், இறங்கி வருவர், அவரோடு மஹ்தீயும் தோன்றுவர் என்பர் இஸ்லாமியர். ஒருவர் உடன்பட்டதனை மற்றவர் வெளிப்படையாக மறுக்கின்றமையின், மூவரும் எதிர்நோக்குவது ஒருவரையே என்றல் பொருந்தாது. அவ்வாறு கூறுவார் மூவரையும் ஒன்றுபடுத்தினார் அல்லர். மூவர் கூறுவதனையும் கேளாது விடுத்தார் ஆவர்.

அவதாரம் என்றலும் அவ்வாறே. யூதர்க்கும் இஸ்லாமியர்க்கும் இறைவன் மனிதனாதல் ஒருவாற்றானும் உடன்பாடன்று. கிறித்தவர்க்கு உடன்பாடாயினும், அது ஒருமுறையே நிகழ்ந்தது, முழு மனிதராய்த் துன்புற்று இறந்தது, பிறிதொரு காலத்துப் பிறிதொரு வடிவில் மீளாதது. யுகந்தோறும் பல வடிவாய் நிகழும் எனப் புராணங் கூறும் அவதாரத்தின் இலக்கணம் அதற்கு இன்று. இறைவன் கருவாய்ப்பட்டுப் பிறவான் எனக் கொள்ளும் சைவர், கிறித்தவரோடு வாதிக்கப் புகின் இவ்வேறுபாட்டை அறிந்தே புகுதல் வேண்டும். இன்றேல் அவர் கூறாததனை மறுத்தவராவர்.

அளவையாராய்ச்சி

இனி, இவர்தாம் மேசியா எனத் துணிதற்கு அளவை யாது என்பது ஆராயப்படும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் ஈண்டு முறையே நோக்கத்தக்கன.

உரையளவையாற் பெறுதும் எனின், ஏசாயா ஆகமத்தின் ஓர் அதிகாரத்தையே ஒருவர் ஒரு மனிதர்மேலும் மற்றவர் ஒரு குலத்தின்மேலும் ஏற்றுகின்றமை மேலே காட்டப்பட்டது. நூல் ஒன்றாயிருந்தும் துணிபு இரண்டாயினமையின், நூலே தனித்து நின்று இன்னார் எனச் சுட்டியதன்று; சுட்டியது உரைகாரர் கருத்தே.

கருதலளவையாற் பெறுதும் எனின், போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் அறத்தின் குறைவும் முடிவு காலத்தின் அடையாளங்கள் எனக் காட்டுவர். அவ்வேதுக்கள் எக்காலத்தும் உள்ளன. முடிவு வாராத காலங்களிலும் அவை இருந்தமை வரலாற்றால் தெளிவு. விபக்கத்தும் சேறலின் அநைகாந்திகமாகிய அவ்வேது துணிபொருளைச் சாதியாது. கி.பி. 132-இலும் 1844-இலும் 1979-இலும் அடையாளங்கள் முற்றிவிட்டன எனத் துணிந்தோர் இருந்தனர் என்பதே அவ்வேது பிறழ்வுடைத்து என்பதற்குச் சான்று.

காட்சியளவையாற் பெறுதும் எனின், அதுவே மைமோனிதேசு கொண்ட வழி. செயல் முடிந்தபின் செய்தவரை அறிவது அது. மூன்றனுள்ளும் குற்றங் குறைந்தது அதுவே. ஆயினும் அதன்கண் ஓர் இடர்ப்பாடு உண்டு. செயல் முடிதற்கு முன்னரே மக்கள் அவர்பின் செல்ல வேண்டும். முடிந்த பின்னரே அவர் இன்னார் என அறிய முடியும். பேத்தார் அரணுள் இருந்தோர் அறிவு வரும்வரை காத்திருத்தற்கு வாய்ப்பிலர். அவர் உயிரைக் கொடுத்த காலத்து அவர்பால் இருந்தது துணிபன்று. ஐயத்தோடு கூடிய கருத்தே. துணிபு வந்த காலத்து அவர் இலர்.

அற்றேல், தோல்வி நிகழ்ந்தவழி மக்கள் தெளிவரன்றோ எனின், எல்லாரும் தெளிந்தாரல்லர். ஸ்மிர்னா நகரத்துச் சபத்தாய் சேவி (1626–1676) என்பாரை 1665-இல் காசாவிலிருந்த நாதன் என்பவர் மேசியா எனச் சாற்றினர். அச்செய்தி ஏமன் முதல் ஆம்ஸ்டர்டாம் வரை யூதர் ஊர்களை அசைத்தது. செருமானிய நாட்டுக் கிளூக்கெல் என்னும் யூத மாது, தம் மாமனார் புனித நாட்டுப் பயணத்திற்கென உலர்ந்த உணவும் துணியும் மிடாக்களில் அடைத்து ஹாம்பர்குத் துறைக்கு முன்னரே அனுப்பிவைத்ததனைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிவைத்தனர். 1666 செப்டம்பரில் துருக்கி சுல்தான் முன் நிறுத்தப்பட்ட சபத்தாய், உயிர் பிழைத்தற்பொருட்டு இஸ்லாத்தைத் தழுவினர். பெரும்பாலார் நாணி மீண்டனர். சிலரோ, மதம் மாறியதும் மேசியாவின் மறைபொருட் செயலே, தீமையுள் இறங்கியே தீமையை அழிக்கின்றார் எனக் கூறி, அவரைப் பின்பற்றித் தாமும் மாறினர். வெற்றியும் சான்று, தோல்வியும் சான்று எனின், அக்கொள்கையைப் பொய்ப்பிக்கும் நிகழ்ச்சி உலகில் ஒன்றும் இல்லையாம். பொய்ப்பிக்க ஒண்ணாதது மெய்ப்பிக்கப்பட்டதும் ஆகாது.

இக்குற்றம் சிலுவையை வெற்றியெனக் கொண்ட கிறித்தவர்க்கும் ஒக்கும் என்பர் யூதர். கிறித்தவரோ, தாம் தோல்விக்குப் புதுப்பொருள் கற்பித்தாரல்லர் என்றும், உயிர்த்தெழுந்தமையைக் கண்டோர் கூறிய சான்றே தமக்கு ஆதாரம் என்றும் விடை கூறுவர். கிறித்தவ சமயத்தின் உண்மை அச்சான்றின் வலியிற் கிடக்கின்றது என்பதே ஈண்டு இருதிறத்தார்க்கும் ஒத்த முடிபு. அதனை அவர் திருத்தூதராகிய பவுலும் மறைத்திலர்.

தடையும் விடையும்

இங்ஙனம் அளவைகளால் துணிய ஒண்ணாத கொள்கையைக் கைவிடுதலே தக்கது என ஒரு தடை நிகழும். யூத சமயத்தாருள்ளும் சிலர் அவ்வழி சென்றனர். 1885-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிற் கூடிய சீர்திருத்த ரபிகள், ஒரு மனித மேசியாவை எதிர்நோக்காது, உண்மையும் நீதியும் சமாதானமும் உலகில் ஓங்கும் காலத்தையே தாம் எதிர்நோக்குவதாக அறிவித்தனர்.

எனினும் அத்தடை முழுதும் செல்லாது. நாடும் கோயிலும் அரசும் இழந்து, சென்ற ஊர்தோறும் துரத்துண்டும், ஒரு குலத்தார் பதினெட்டு நூற்றாண்டு தம் நெறியும் மொழியும் கைவிடாது நின்றமைக்கு இவ்வெதிர்நோக்கம் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. உலகம் இன்றுள்ளவாறே அமைந்துவிடக் கூடாது, நீதியின்மை இயல்பன்று, அதற்கு ஓர் இறுதி உண்டு என்னும் உறுதியை அது தந்தது. கொடுங்கோலாற் பிணிக்கப்பட்ட ஏழை மக்களுக்கு அவ்வுறுதியும் இல்லையாயின் எஞ்சுவது யாது?

ஆகலின் இருவேறு பொருள்களைப் பிரித்துணர்தல் வேண்டும். இறைவன் நீதி வெளிப்படும் என நம்புதல் ஒன்று. இவரே அவர், இந்நாளே அந்நாள் எனத் துணிதல் பிறிதொன்று. முன்னையது மக்களைத் தாங்கிற்று. பின்னையது அவரை அழித்தது. இப்பகுப்பு புறத்தே நின்று ஆராய்வார் புகுத்தியதன்று. மூன்று சமயத்து ஆசிரியரும் தம்முள்ளே கண்டதே. முடிவைக் கணக்கிடுவாரைத் தல்மூது சபித்தது. அந்நாளை மகனும் அறியார் என நற்செய்தி கூறிற்று. இறுதி நாளைப் பற்றிய அறிவு இறைவனிடத்தன்றிப் பிறரிடத்து இல்லை எனத் திருக்குர்ஆன் கூறிற்று. காலங் குறிப்போர் பொய்யர் என ஷீயா இமாம்கள் பெயரால் வழங்கும் ஹதீஸும் கூறிற்று. மூவர்க்கும் மெய்யாக ஒத்த பொருள் ஒன்று உளதாயின், அது மேசியாவின் வடிவன்று. அவர் வரும் நாளை மனிதர் கைக்கொள்ளலாகாது என்னும் இவ்விலக்கே.

இவ்விலக்கின் பயன் யாது? நாளைக் கைக்கொண்டவன் இன்று செய்யும் தீமைக்கும் நாளையே விடை கூறும் என நினைவன். உடைமையை விற்பன், வழிபடுவோர் நிறைந்த இடத்தும் படைக்கலம் எடுப்பன். நாளை அறியாதவனோ இன்று தனக்கு விதித்த அறத்தைச் செய்தலன்றி வேறு வழியிலன். ஆகவே எதிர்நோக்கம் நன்றோ தீதோ என்பது, அது இன்றைய ஒழுக்கத்தை வலியுறுத்துகின்றதா, நெகிழ்க்கின்றதா என்பது பற்றியே அறியப்படும்.

முடிபு

மேசியா என்பது எண்ணெய் பூசப்பெற்றவர் என்னும் பொருட்டாய் அரசனைக் குறித்த சொல். அது மூன்று சமயங்களில் மூன்று பொருளாய் விரிந்தது. அம்மூன்றும் ஒன்றல்ல, அவதாரமும் அல்ல. இவரே மேசியா எனத் துணிதற்கு உரையும் கருதலும் போதா; காட்சியோ காலங்கடந்தே வரும். அதனால் அம்மூன்று சமயத்து மெய்யாசிரியரும், நம்பிக்கையைக் காத்து, நாட்கணக்கை விலக்கினர். பிற சமயங்களை ஆராய்வார் அவர்தம் பொய்த் தலைவரை மட்டும் எடுத்துக்காட்டி நகைத்தலும், வேற்றுமை யாவற்றையும் மறைத்து ஒன்றெனப் புகழ்தலும் ஒருங்கே ஒழித்து, அவ்வாசிரியர் கோலிய இவ்வேலியைக் கண்டு மதித்தல் கடன். கன்றை நட்டு முடித்துப் பின்னர் எழுந்து செல்க என்றவர் மேசியாவை மறுத்தவர் அல்லர். மேசியா வரினும் வாராவிடினும் நட்ட கன்று நிழல் தரும் என அறிந்தவர் என்க.